உன் இடத்தில் கிடக்கும் துண்டு

தம்பி,

சாப்பிட்டுவிட்டுப் படி. வெறும் வயிற்றோடு படிக்கிற கடிதம் இல்லை இது. அறையில் கூட இருக்கிற பையன்கள் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துக்கொண்டு சத்தமாகவே படி, ஒளிக்கிறதற்கு இதில் ஒன்றுமில்லை. போன் பண்ணினால் பாதிப் பேச்சில் "அப்பறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். எழுதி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறாய். அதனால் இந்த முறை தாளில் எழுதி, அரியலூர் அச்சாபீஸில் கொடுத்து நோட்டீஸாகவே அடிக்கப் போகிறேன். ஒன்று உனக்கு வரும். மற்றதெல்லாம் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும், கிரவுண்டு கேட்டிலும், வரதராஜன்பேட்டைப் பக்கம் போகிற டவுன் பஸ் நிற்கிற இடத்திலும் ஒட்டப்படும். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நினைப்பாய். ஊரே அப்படித்தான் நினைக்கிறது, நீயும் நினைத்துக்கொள். ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் பேசினபோது, மஸ்கட் கம்பெனியிலேயே இன்னும் இரண்டு வருஷத்துக்கு எழுதிக்கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றாய். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். வாயாடி அம்மா "ம்" என்றால் என்னவோ இருக்கிறது என்று உனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அதற்கு முந்தின நாள்தான் நான் ஒன்றைத் தெரிந்துகொண்டு வந்திருந்தேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போடுவாய். போடாதே. ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்துவிட்டுப் போ, அதற்கப்புறம் இரண்டு வருஷமோ இருபது வருஷமோ உன் இஷ்டம்.

ரொம்ப நாளாகவே ஒன்று எனக்குப் புரியாமல் இருந்தது. இந்த ஊரில் உன்னைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உனக்குத் தெரியும். என்ன குழம்பு, எத்தனை மணிக்குத் தண்ணி வந்தது, பையனுக்கு என்ன சம்பளம், எல்லாம் கேட்கும். சிங்கப்பூர் போன பையன்களின் அம்மாக்களை வழியில் மடக்கி வைத்துக் கேட்பார்கள். என்னிடம் மட்டும் மழை வருமா வராதா என்று பேசுவார்கள். நானாக "நேத்து என் பையன் பேசுனான்" என்று எடுத்தால் போதும், மளிகைக்கடைக்காரி தராசை அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வாள். "பேசட்டுங்க்கா, நல்லா பேசட்டும்" என்பாள். துவரம்பருப்பில் ஒரு பிடி அதிகம் போடுவாள். எவ்வளவு பாசம் பார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். மடச்சி. உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன், காரணம் இல்லாமல் யாராவது உன்னிடம் அன்பாக இருந்தால், என்ன விஷயம் என்று அப்போதே கேட்டுவிடு.

கோயிலிலும் அதுதான். உன் பிறந்தநாளுக்கு அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து உன் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். குருக்கள் என் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், "சாமி பேருக்கே பண்ணிடறேம்மா" என்று உள்ளே போய்விட்டார். மறு வருஷமும் அதே வார்த்தை. நீயும் ஒருமுறை சொன்னாய், பழைய கூட்டாளிகளுக்கு மெசேஜ் போட்டால் ஒருத்தனும் பதில் போடுவதில்லை, ஒருத்தன் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டான் என்று. அவனவனுக்குக் குடும்பம் குட்டி ஆகிவிட்டது, உன்னோடு பேச யாருக்கு நேரம் என்று நான்தான் உனக்குச் சமாதானம் சொன்னேன்.

செட்டிகுளத்துச் சம்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம், ஜாதகம் அருமையாகப் பொருந்தி வந்தது. பெண்ணின் அப்பா விசாரிக்க அரியலூர் வந்தார். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தார், இரண்டு மூன்று பேரிடம் பேசினார், நம் வீட்டுக்கு வராமலேயே பெரம்பலூர் பஸ் ஏறிப் போய்விட்டார். நான் விடுவேனா? போன் போட்டு நாலு கேள்வி கேட்டேன். பெண்ணின் அம்மா எடுத்து அழுதாள். "ஒங்க மனசு எங்களுக்குப் புரியுதுங்க. ஆனா எங்க பொண்ணை எப்புடிங்க..." என்று சொல்லி வைத்துவிட்டாள். நீதான் அங்கே குடித்துக் கூத்தடித்து ஏதோ சேதி வந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் உன் மேல் எரிந்து எரிந்து விழுந்தேனே, அது இதனால்தான். உன்மேல் தப்பில்லை, அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது நம் ஊர் ஃபுட்பால் கிளப் கதைக்கு வருகிறேன். பாதி உனக்குத் தெரியும், மீதி நீ போன பிறகு நடந்தது. கிரவுண்டில் கேலரி கட்டியதே கடனில்தான். அந்தக் கடனை அடைக்கத்தான் சீசன் டிக்கெட் என்று கொண்டுவந்தார்கள். வருஷத்துப் பணத்தை மொத்தமாக எடுத்து வைக்க நம் ஊரில் யாரால் முடியும்? அதனால் மாதத் தவணை. அடுத்த தெருத் தனபால்தான் கிளப்புக்குச் செயலாளர், வசூல், கேட்டில் நிற்கிற ஆள், எல்லாம். உங்கப்பாவை அண்ணே என்பான், என்னை அண்ணி என்பான். கேலரியில் அந்தந்த இடத்துக்கு அந்தந்த டிக்கெட்காரர் பெயர் எழுதியிருக்கும். உங்கப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக் களைத்து வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை விட்டதில்லை. நீ காண்டிராக்ட் வேலையில் முதல் சம்பளம் வாங்கினதும், மேல் வரிசை ஓரத்தில் அவருக்குப் பக்கத்து இடத்தை உன் பேரில் தவணைக்கு எடுத்தாய். அன்றைக்கு அந்த மனுஷன் தெருவில் பார்த்தவனிடமெல்லாம் "என் மவன் சொந்தக் காசுல எனக்குப் பக்கத்துல எடம் வாங்கிருக்கான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டு நீ வந்து உட்காரும் வரை பிரிக்கமாட்டாராம்.

சீசன் நடுவில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் இறந்துபோனார். தவணை பாதியில் நின்றால் அந்தக் கடன் அவர் பேரில் நிற்கும், போகிற இடத்துக்கு நிம்மதியாகப் போகமாட்டார் என்று அவர் சம்சாரம் மீதியையும் கட்டினாள். பணம் கட்டின இடம் அவருடையதுதானே என்று, பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி, அவருடைய துண்டை அவர் இடத்தில் போட்டுவிட்டுப் போனான் பிள்ளை. அதை எடுக்க யாருக்கு மனசு வரும்? அடுத்த வருஷமும் அதே இடம் அப்பாவுக்கு வேண்டும் என்று வந்து நின்றார்கள். கிளப்காரர்களுக்கு மனசு இளகி, இறந்தவர்தானே, பாதிக் கட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ஊருக்கு ஒரு பழக்கம் பிறந்துவிட்டது. யார் வீட்டில் சீசன் டிக்கெட்காரர் போனாலும் துண்டைக் கொண்டுவந்து போடுவது, அரைத் தவணை கட்டுவது. துண்டை வீட்டு ஆள் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. வீட்டு ஆளே எடுத்துவிட்டால், இறந்தவரை இனிமேல் விட்டுவிட்டோம் என்று அர்த்தம். எவன் எழுதி வைத்த சட்டமோ, ஆனால் ஒருத்தரும் மீறினதில்லை.

இப்படியே போய் கேலரி முழுக்கத் துண்டாகிவிட்டது. உயிரோடு இருக்கிற ஆட்கள் கயிற்றுக்குப் பின்னால் வரப்பில் நின்று ஆட்டம் பார்க்கிறார்கள், இறந்தவர்கள் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் கைவிட்ட சுண்ணாம்புக்கல் பள்ளத்திலிருந்து வெள்ளைத் தூசி வந்து துண்டுகள் மேல் படிந்து கிடக்கும். கோல் விழுந்தால் வரப்பில் கத்துவார்கள், கேலரிப் பக்கம் சத்தமே வராது. காற்று அடித்தால் மட்டும் எல்லாத் துண்டும் ஒரே சமயத்தில் எழுந்து எழுந்து உட்காருமாம். கேரளாவிலிருந்து சம்பளத்துக்குக் கொண்டுவந்த கோல்கீப்பர் அந்தப் பக்கம் பார்த்து நிற்கமாட்டேன் என்று ஊருக்கே திரும்பிப் போய்விட்டான். கேலரி நிறைந்திருக்கிறது என்று கணக்கு சொல்லும், கையில் வருவது பாதிப் பணம். இறந்தவர்கள் டீயும் குடிப்பதில்லை, கடலையும் வாங்குவதில்லை. விளம்பரம் கொடுக்க வந்த முதலாளி ஒருத்தர் கேட்டில் நின்று பார்த்துவிட்டு அப்படியே காரில் ஏறிவிட்டார். கடன், வட்டி, ஆட்டக்காரர்களின் சம்பள பாக்கி எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்க, கடைசியில் கிளப் கோர்ட்டில் திவால் ஆகிக் கேட்டுக்குப் பூட்டு விழுந்தது.

உங்கப்பா போனதும் அவர் துண்டைத் தனபாலிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு வருஷம் நான் எங்கேயும் வெளியே போகவில்லை, வருஷம் திரும்பியதும் கிரவுண்டைப் பூட்டிவிட்டார்கள். அதனால் நான் அந்தக் கேலரியைக் கண்ணால் பார்க்கவே இல்லை. தவணை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். ரெண்டு இடத்துக்கும் சேர்த்து இவ்வளவுதான் அண்ணி என்று ஓர் ஆள் பணம்தான் வாங்குவான் தனபால். தாலியறுத்தவள் என்று இரக்கப்பட்டுக் குறைக்கிறான் என்று நினைத்தேன். இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

போன வாரம் கோர்ட் அனுப்பின அதிகாரி திருச்சியிலிருந்து வந்தார். படித்த பொம்பளை, தன்மையாகப் பேசினார். நடக்காமல் போன சீசனுக்குத் தவணை கட்டினவர்கள் எல்லாரும் கிளப்புக்குக் கடன் கொடுத்தவர்கள் மாதிரியாம், கேலரி இரும்பை விற்று வருகிறதில் ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்கலாம் என்றார். கிரவுண்டிலேயே மேசை போட்டு, டிக்கெட்காரர்களுக்கு ஒரு வரிசை, இறந்தவர்களின் வாரிசுகளுக்கு ஒரு வரிசை என்று நிற்க வைத்தார்கள். முதல் வரிசையில் நாலைந்து பேர். இரண்டாவது வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றது. நானும் வெயிலில் நின்று, என் முறை வந்ததும் உங்கப்பா இறப்புச் சான்றிதழை நீட்டினேன். அந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னொன்னு எங்கம்மா?" என்றார். எது என்றேன். "பக்கத்து சீட்டு. மகனோடது."

வாய் வரைக்கும் வந்த சிரிப்போடு தனபாலைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் கேலரியை ஏறிட்டுப் பார்த்தேன். மேல் வரிசை ஓரத்தில் உங்கப்பா துண்டு. அதை ஒட்டி, பச்சைக்கரை போட்ட இன்னொரு துண்டு, சாயம் வெளுத்து, தூசி அப்பி. நீ வேலைக்குப் போகும்போது தலையில் கட்டிக்கொள்வாயே, அது. கொடியில் காயப்போட்ட இடத்தில் காணோம் என்று நான் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை பிடித்த துண்டு. இது எப்படிடா இங்கே வந்தது என்று தனபாலைக் கேட்டேன்.

"நான் என்ன பண்றது அண்ணி?" என்றான் தனபால். "மூணு ஆட்டம் வரலைன்னா எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடணும், அதான் ரூலு. வெளிநாடு போனவங்க எடமெல்லாம் அப்புடித்தான் போச்சு. அண்ணன் வந்து கெஞ்சுனாரு, முடியாதுன்னுட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழமை துண்டோட வந்தாரு. பக்கத்துல போட்டாரு. ஒக்காந்துட்டாரு. வாயே தொறக்கலை. அங்க என்ன ஆச்சோன்னு எனக்குக் கேக்க நாக்கு எழுமா?"

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் புரிந்துவிட்டது. அந்த மனுஷனோடு குடும்பம் நடத்தினவள் இல்லையா? உயிரோடு இருக்கிறவன் வராவிட்டால் இடம் போய்விடும், இறந்தவன் இடம் போகாது. நீ திரும்பி வந்து பக்கத்தில் உட்கார இடம் வேண்டும். இடம் பிடிக்கத்தானே துண்டு என்று போட்டுவிட்டார். போட்ட பிறகுதான், துண்டைப் பார்த்த முதல் ஆள் வந்து அவர் கையைப் பிடித்திருப்பான். இல்லப்பா, என் மவன் நல்லாத்தான் இருக்கான் என்று அவனிடம் அப்போதே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னால் இடம் போய்விடுமே! பேசாமல் இருந்திருக்கிறார். அதற்கப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் எப்படிச் சொல்வது? உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் வாரா வாரம் கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அந்த மனுஷன். நினைத்தால் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வருகிறது. நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவளுக்காக நீ எது செய்தாலும் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிரவுண்டிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், தம்பியை இப்பவே போன் பண்ணச் சொல்லு என்றார். நீ பேசினாய். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் உன் குரலைக் கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார். என்னப்பா வாரா வாரம் அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்க என்று நீகூடக் கிண்டல் பண்ணினாய். அவர் எதைத் தேடினார் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் அவர் நெஞ்சு வலித்துப் போனபோது உனக்கு லீவு தரவில்லை, பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில். சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். பெற்ற அப்பனுக்குக் கொள்ளி வைக்கக்கூடப் பிள்ளை வரவில்லை என்றால் ஊர் என்ன முடிவுக்கு வரும்? கொஞ்சநஞ்சம் சந்தேகம் வைத்திருந்தவர்களும் அன்றோடு நம்பிவிட்டார்கள். மகன் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டான், உடம்புகூட வரவில்லை, அந்த அம்மா ஏற்றுக்கொள்ளமாட்டேன் என்கிறாள், பாவம், அவள் போக்கில் விட்டுவிடுவோம். இதுதான் உன் கதை. உன் போனை நான் வைத்துக்கொண்டு உன் கூட்டாளிகளுக்கு மெசேஜ் போடுகிறேன் என்று ஒரு பேச்சு வேறு. அந்தப் பையன் பிளாக் பண்ணாமல் என்ன செய்வான்?

கிரவுண்டில் நின்று கத்தினேன். "எம்புள்ள உசுரோட இருக்கான்!" வரிசையில் நின்ற அத்தனை பேரும் மெதுவாகத் தலையாட்டினார்கள். மளிகைக்கடைக்காரி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அழுதுருங்க்கா, இன்னிக்காவது அழுதுருங்க" என்று முதுகைத் தடவினாள். விடுடி என்று அவளை உதறிவிட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் உனக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. நீ கட் பண்ணினாய். உடனே மெசேஜ் வந்தது, வேலையில் இருக்கேம்மா அப்பறம் கூப்பிடறேன் என்று. பாருங்க, பாருங்க என்று போனைத் தூக்கிக் காட்டினேன். முன்னால் நின்ற பெரியவர் ஒருத்தர் படித்துப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, வேலைல இருக்காப்ல" என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். அந்த அதிகாரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உன்னிடம் மறைக்கமாட்டேன் தம்பி. அத்தனை பேரும் தலையாட்டியபோது ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உன் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். வீடியோவில் வா என்றால் நெட் சரியில்லை என்கிறாய். அனுப்புகிற போட்டோவில் கருப்புக் கண்ணாடி, தலையில் ஹெல்மெட், பின்னால் மணல். இவர்கள் சொல்வதுதான் நிஜமோ, நான்தான்... சீ, வாயைக் கழுவ வேண்டும். மறுநாள் நீ பேசினபோது உன் குரலை உங்கப்பா கேட்ட மாதிரியே கேட்டேன். இருமினாய். உன் இருமல்தான். அதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டாம். ஆனால் என் ஒருத்திக்கு மட்டும் நீ உயிரோடு இருந்தால் போதுமா?

அன்றைக்கே ஒரு காரியம் பண்ணிப் பார்த்தேன். மேசைக்குத் திரும்பப் போய், எம்புள்ளைக்குப் பாதிதான் கட்டியிருக்கிறது, மீதிப் பாதியையும் இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இப்போதே கட்டுகிறேன், உயிரோடு இருக்கிறவன் கணக்கில் அவனை மாற்றுங்கள் என்று கழுத்துச் செயினைக் கழற்றி வைத்தேன். அந்த அம்மா எழுந்து நின்று செயினை என் கையில் திரும்ப வைத்தார். "கிளப் திவாலாயிடுச்சும்மா. இனிமே தவணை வாங்கறதுக்கு யாருக்கும் அதிகாரம் இல்லை" என்றார். அவரிடம் என்ன கோபித்துக்கொள்வது? துண்டை நானே எடுத்துவிடலாம் என்று படியேறினேன். பாதியில் திரும்பிப் பார்த்தால், வரிசையில் நின்ற ஆண்கள் எல்லாம் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, எழவு வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். நான் எடுத்தால் என்ன அர்த்தம் என்று அப்போதுதான் உறைத்தது. தாயே மகனை விட்டுவிட்டாள் என்று ஆகிவிடும், அதோடு முடிந்தது. எடுக்காவிட்டாலும் நீ இறந்தவன். உங்கப்பா துண்டை மட்டும் எடுத்து மடித்துக்கொண்டு இறங்கினேன். துவைத்து உன் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இப்போது கேலரியைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். துண்டுகளை ஒவ்வொரு வீட்டு ஆட்களும் வந்து எடுத்துப் போகிறார்கள், சிலர் அழுகிறார்கள், சிலர் தூசியைத் தட்டிவிட்டுப் பேசாமல் போகிறார்கள். இரும்பு ஏலம் எடுத்த ஆளிடம், அந்த மேல் ஓரத்தை மட்டும் கடைசியில் பிரி அப்பா என்று சொல்லியிருக்கிறேன். அவன் ஜெயங்கொண்டத்துப் பக்கத்து ஆள், விவரம் தெரியாது, சரிங்கம்மா என்றான். நடுவில் எல்லாம் போய், அந்த ஓரம் மட்டும் நாலு காலில் தனியாக நிற்கிறது. தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். காற்று அடித்தால் உன் துண்டு மட்டும் எழுந்து எழுந்து உட்காருகிறது. அது இருக்கும்வரைதான் உனக்கு நேரம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாராவது உன்னைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தால் சங்கடப்படாதே, அவர்களுக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருக்கும். டீக்கடையில் நின்று ஒரு டீ குடி, சத்தமாகச் சர்க்கரை கம்மி என்று சொல்லு. ஆட்டோ வேண்டாம், நடந்தே வா. வீட்டுக்கு வராதே, நேராகக் கிரவுண்டுக்கு வா. அந்தப் படியில் ஏறி, துண்டை எடுத்து, வெள்ளைத் தூசி பறக்க நாலு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உன் இடத்தில் உட்கார். பக்கத்து இடம் காலியாக இருக்கும், அதைப் பார்த்து அழவேண்டும் என்றால் அழு. கீழே நான் நின்றுகொண்டிருப்பேன். ஊரும் நிற்கும்.

எழுதினவரைக்கும் இந்தத் தாளைக் காட்ட நேற்றே அச்சாபீஸ் போனேன். அச்சாபீஸ்காரர்தான் இந்த ஊரில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் அடிக்கிறவர். யாருக்கு என்று கேட்டு உன் பெயரைத் தெரிந்துகொண்டவர், கறுப்புக் கட்டம் போடவாம்மா, போட்டோ கொண்டுவந்திருக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார். கட்டமும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம், இதைப் படித்ததும் ஆளே வந்து நிற்பான் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று அவரும் தலையாட்டினார்.

கிளம்பி வா.

அம்மா